இன்குபேட்டர்: அடைகாப்பகம்

பொறியியல் கல்லூரி வளாகங்களில் இப்போது அடிக்கடி காதில் விழும் சொல் இன்குபேட்டர். மாணவரின் யோசனை ஒரு நிறுவனமாகத் தன் காலில் நிற்கும்வரை இடம், ஆய்வுக்கருவி, ஆலோசனை, கொஞ்சம் பணம் என்று கொடுத்துத் தாங்கும் அமைப்பு அது.

சொல்லின் வேர் லத்தீன். 'இன்குபாரே' என்றால் மேலே படுத்தல். கோழி முட்டைமேல் படுத்துச் சூடு கொடுப்பது. முட்டை பொரிக்கும் கருவிக்கும், குறைமாதக் குழந்தையை வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்கும் இதே பெயர்தான்.

சரி, தொழிலுக்குள் எப்படி வந்தது? அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் படேவியா என்ற சிற்றூரில், மாஸி-ஹாரிஸ் என்ற வேளாண் கருவி நிறுவனம் தன் ஆலையை மூடிவிட்டுப் போனது. ஊரில் பலருக்கு வேலை போயிற்று. அந்தப் பெரிய கட்டடத்தை மான்குசோ குடும்பம் வாங்கியது. முழுவதையும் எடுத்துக்கொள்ள ஒரே நிறுவனம் கிடைக்கவில்லை. அதனால் ஜோசப் மான்குசோ 1959இல் அதைத் தடுத்துப் பிரித்து, சிறு நிறுவனங்களுக்கு வாடகைக்கு விட்டார். அலுவலக உதவியும் ஆலோசனையும் சேர்த்துக் கொடுத்தார். குடிவந்தவர்களில் ஒருவர் கோழிக்குஞ்சு பொரிப்பகம் நடத்தியவர். அந்தக் குஞ்சுகளைப் பார்த்துத்தான் மான்குசோ தன் இடத்தை இன்குபேட்டர் என்று வேடிக்கையாகச் சொல்லத் தொடங்கினார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அதே மாநிலத்தில் ரென்சலர் என்ற பொறியியல் பல்கலைக்கழகம் 1980இல் தன் வளாகத்திலேயே ஒன்றைத் தொடங்கியது. திருச்சியில் 1986இலேயே அறிவியல் தொழில்நுட்பத் தொழில்முனைவோர் பூங்கா வந்துவிட்டது. மின்ஸ்கூட்டர் செய்யும் ஏத்தர், ராக்கெட் செய்யும் அக்னிகுல் இரண்டும் சென்னை ஐஐடியின் இன்குபேட்டரில் வளர்ந்தவை. கடைசி ஆண்டுப் புராஜெக்ட் மதிப்பெண் வாங்கியதும் பரணுக்குப் போய்விடாமல் காக்க, பாடத்திட்டத்தில் ஒரு தாள் சேர்த்தால் மட்டும் போதாது. இப்படி ஓர் இடமும் வேண்டும்.

தமிழில் இதைத் 'தொழில் வளர் காப்பகம்' என்றும், சுருக்கமாகத் 'தொழில் காப்பகம்' என்றும் எழுதுகிறார்கள். காப்பகம் என்றதும் முதியோர் காப்பகமும் புலிகள் காப்பகமும்தான் நினைவுக்கு வருகின்றன. அங்கே இருப்பவர்கள் வெளியேறுவது நோக்கம் இல்லை. இன்குபேட்டரிலோ வெளியேறுவதுதான் நோக்கம். இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த நிறுவனம் தன் வாடகையைத் தானே கட்டிக்கொண்டு வெளியே நிற்க வேண்டும்.

அதனால் 'அடைகாப்பகம்' என்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன். 'கோழி அடையில் இருக்கிறது', 'முட்டையை அடைக்கு வைத்தாச்சு' என்று கிராமத்தில் இன்றும் பேசுகிறோம். அடை என்றால் அதற்கு ஒரு கெடு உண்டு. கோழி முட்டைக்கு 21 நாள். கூமுட்டையும் இருக்கும், எல்லாம் பொரிக்காது. இதைப் பேராசிரியர்களும் முதலீடு செய்பவர்களும் ஏற்றுக்கொள்ள வேண்டும். தோற்ற நிறுவனத்தை வைத்து மாணவரை எடைபோடுவது தவறு.

இந்தச் சொல்லிலிருந்து மற்றவையும் இயல்பாகக் கிளைக்கின்றன: உள்ளே இருக்கும் காலம் அடைகாப்புக் காலம்; யோசனையை மட்டும் சோதித்துப் பார்க்கும் தொடக்கக் கட்டம் முன் அடைகாப்பு; முடித்துப் போனவை அடைகாப்பு முடித்த நிறுவனங்கள்.