முதுகைத் திருப்பிப் பாருங்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. எண்பது வயது அம்மா, பக்கவாதம், இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண். கட்டைப் பிரித்ததும் நர்ஸ் போய் ஜன்னலைத் திறந்தார். "மாசம் முப்பதாயிரம் கட்றோம் டாக்டர், நல்ல ஹோம்தான். எப்படி வந்துச்சு?" என்றார் மகன்.

எப்படி வரும்? ஒரே பக்கமாகப் போட்டுவைத்தால் வரும்.

முதியோர் இல்லம் என்றால் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் இடம் என்று யார் சொன்னது? அது வந்த வழியைப் பாருங்கள். 1782 பஞ்சத்தில் மதராஸில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கியது மணியக்காரர் சத்திரம். அதை ஒட்டி வளர்ந்த ஸ்டான்லியை வடசென்னைப் பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். சத்திரம் பிற்பாடு ஆதரவற்ற முதியவர்களின் இல்லமானது. சோறும் கூரையும் தருவது அதன் வேலை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007 சட்டம்கூட, மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேருக்கு என்று இல்லம் கேட்பது வசதியற்ற முதியோருக்காகத்தான். எழுந்து நடந்து, தானே சாப்பிடுகிறவர்களுக்கான ஏற்பாடு இது. அதன் மேல் டைல்ஸ் ஒட்டி ஏசி மாட்டிவிட்டால் பராமரிப்பு வந்துவிடாது. ராத்திரியில் ஒரு வாட்ச்மேன், ஒரு ஆயா, அவ்வளவுதான்.

படுத்த படுக்கையானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு நர்சிங் ஹோம் என்ற பெயரையாவது வைத்திருக்கலாம். அதைத்தான் நம் ஊரில் பிரசவத்துக்கும் அப்பெண்டிக்ஸுக்கும் கொடுத்துவிட்டோமே! முதியவர்களுக்கென்று சென்னை ஜிஹெச்சில் தனி ஓபி வந்ததே 1978-ல்தான்.

சரி, சேர்க்கத்தான் வேண்டும் என்றால் சேருங்கள், அதில் தப்பில்லை. ஆனால் தோட்டத்தையும் பஜனை ஹாலையும் பார்த்தது போதும். ராத்திரி டியூட்டியில் எத்தனை பேர் என்று கேளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட்டதைக் குறித்த நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். "நோட்டா?" என்று முழித்தால் கிளம்பிவிடுங்கள். சேர்த்த பிறகும் சொல்லாமல் கொள்ளாமல் போய் நில்லுங்கள், ஏழு மணிக்கு மேல். புண் வராமலிருக்கப் போடும் ஏர் பெட்டின் (காற்று மெத்தை) மோட்டாரைப் பிடுங்கிவிட்டு அந்த பிளக்கில் ஃபேன் ஓடியதை நானே பார்த்திருக்கிறேன்.

தயவுசெய்து வீடியோ காலை நம்பாதீர்கள், அதில் முகம் மட்டும்தான் தெரியும். நேரில் போய், போர்வையை விலக்கி, ஒருக்களித்துப் படுக்கவைத்து குதிகால், இடுப்பு, முதுகு எல்லாம் பாருங்கள். தோல் சிவந்தோ கறுத்தோ இருந்து, விரலால் அழுத்தியும் நிறம் மாறவில்லையென்றால் அன்றைக்கே கூட்டிவாருங்கள். அம்மாவுக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே பாருங்கள்.