தெர்மோகிராஃபி: தமிழில் என்ன சொல்லலாம்?

எனர்ஜி ஆடிட் (ஒரு கட்டடத்திலோ ஆலையிலோ ஆற்றல் எங்கே செலவாகிறது, எங்கே வீணாகிறது என்று பார்க்கும் தணிக்கை) அறிக்கைகளில் "இன்ஃப்ராரெட் தெர்மோகிராஃபி" என்று ஒரு பகுதி வரும். ஏசி அறையில் குளிர் எந்த இடுக்கு வழியாக வெளியேறுகிறது, பாய்லர் குழாயில் எங்கே காப்பு உரிந்து வெப்பம் வீணாகிறது, சுவிட்ச்போர்டில் எந்த இணைப்பு தளர்ந்து சூடாகிறது என்பதையெல்லாம் தொடாமல், மெஷினை நிறுத்தாமல் கண்டுபிடிக்கும் முறை அது.

தெர்மே என்றால் கிரேக்கத்தில் வெப்பம், கிராஃபேயின் என்றால் எழுதுவது, வரைவது. இன்ஃப்ரா லத்தீன், "கீழே" என்று பொருள். 1800-இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து நிறம் நிறமாக வெப்பமானியை வைத்துப் பார்த்தார், சிவப்பையும் தாண்டி வெளிச்சமே இல்லாத இடத்தில்தான் சூடு அதிகமாகக் காட்டியது. அவர் மகன் ஜான் ஹெர்ஷல் 1840-இல், கரி பூசிய தாளை ஆல்கஹாலில் நனைத்து, அது சீரில்லாமல் உலர்வதைக் கொண்டே கண்ணுக்குத் தெரியாத அந்த வெப்பக் கதிர்களைப் படமாகப் பதிந்தார்.

இன்ஃப்ராரெட்டுக்கு நம் பாடநூல் சொல் அகச்சிவப்பு. புறஊதாவுக்கு இணையாக அழகாக இருக்கிறது, ஆனால் சிவப்புக்குள்ளே இருக்கும் ஏதோ ஒன்று என்று நினைக்க வைக்கிறது. அதிர்வெண்ணில் சிவப்புக்குக் கீழே என்பதுதான் விஷயம், அந்த வகையில் இலங்கையில் வழங்கும் செந்நிறக்கீழ் இன்னும் துல்லியம் என்பேன். இருந்தாலும் அகச்சிவப்பு ஊன்றிவிட்டது, அதை மாற்ற வேண்டியதில்லை.

சிக்கல் தெர்மோகிராஃபியில்தான். வெப்பவரைவியல் என்று சிலர் எழுதுகிறார்கள், ஆனால் வெப்பவரைவி என்றால் சுழலும் உருளையில் சுற்றிய தாளில் நாள் முழுக்க வெப்பநிலைக் கோட்டை வரையும் வானிலைக் கருவி என்று எடுத்துக்கொள்ளவும் இடமிருக்கிறது, அப்புறம் அச்சுத் தொழிலில் அழைப்பிதழ் எழுத்தைச் சூட்டில் புடைக்க வைப்பதற்கும் தெர்மோகிராஃபி என்றுதான் பெயர். அதனால் வேலைக்கு வெப்பப்பட ஆய்வு, கிடைக்கும் படத்துக்கு வெப்பப்படம், கருவிக்கு வெப்பப்படக் கருவி என்று வைத்துக்கொள்வதே நல்லது. ஆடிட்டர் செய்வது ஆய்வு, அது பெயரிலேயே இருக்கட்டும்.

படம் என்றதும் போட்டோ என்று எண்ணிவிடக் கூடாது. கருவி பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரை அலைநீளமுள்ள கதிர்களை வாங்கி, அதிலிருந்து வெப்பநிலையைக் கணக்குப் போடுகிறது, நிறமெல்லாம் நாம் கொடுப்பது. கணக்குக்கு உமிழ்திறன் தெரிய வேண்டும், அதாவது ஒரு பரப்பு தன் சூட்டுக்கேற்ற கதிரை எவ்வளவு நேர்மையாக வெளியே விடுகிறது என்பது. கறுப்பு இன்சுலேஷன் டேப்புக்கு அது 0.95 அளவில், பளபளப்பான செம்புக்கு 0.1-க்கும் கீழே. மின் பேனலைத் திறந்து படமெடுத்தால், கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும் செம்புப் பஸ்பார் (மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் தடித்த பட்டை) படத்தில் சாதுவாக, குளிர்ந்ததுபோல் தெரியும், பக்கத்திலுள்ள சாதாரண கேபிள் உறை அதைவிடப் பிரகாசமாக இருக்கும். மின்சாரத்தை நிறுத்தி, பஸ்பாரில் ஒரு துண்டு டேப் ஒட்டி, மறுபடி லோடு கொடுத்துப் பார்த்தால் டேப் ஒட்டிய இடம் மட்டும் உண்மையான சூட்டைக் காட்டும்.

உங்கள் கட்டடத்துக்கோ தொழிற்கூடத்துக்கோ வந்த அறிக்கையில் வெப்பநிலை மட்டும் இருந்து, உமிழ்திறன் என்ன வைத்தார்கள், அப்போது லோடு எவ்வளவு, உள்ளுக்கும் வெளிக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று இல்லாவிட்டால், கேட்டு எழுதி வாங்குங்கள்.