பூசணம் பிடித்தால்தான் விலை: சோத்தெர்ன் ஒயினின் அறிவியல்

பிரான்சின் போர்தோ நகரிலிருந்து தென்கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் போனால் சோத்தெர்ன் வட்டாரம் வரும். தாழ்வான குன்றுகள், வரிசை வரிசையாகத் திராட்சை, நடுநடுவே பழைய மாளிகைகள். உலகம் கொண்டாடும் இனிப்பு ஒயின் இங்கேதான் உருவாகிறது. அதுவும் பூசணம் பிடித்த பழத்திலிருந்து! நல்ல பழம் கிடைக்காமல் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பளபளவென்று இருக்கும் பழத்தைக் கொடியிலேயே விட்டுவிட்டு, பூசணம் ஏறியதைத்தான் தேடித் தேடி வெட்டுகிறார்கள்.

அந்தப் பூஞ்சையின் பெயர் போட்ரைட்டிஸ் சினெரியா. ஸ்ட்ராபெரிப் பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல் படருமே, அதே ஆள்தான். உலகம் முழுக்கத் திராட்சை விவசாயிகள் இதைக் கண்டால் மருந்து தெளிப்பார்கள். சோத்தெர்னிலோ இது வராவிட்டால்தான் கவலை. பூஞ்சை ஒன்றே என்றாலும் இங்கே வானிலை வேறு.

இன்னும் சரியாகச் சொன்னால், ஆறு வேறு. லாந்த் காட்டுப் பக்கமிருந்து சிரோன் என்ற சிற்றாறு வருகிறது. ஊற்று நீர், வழியெல்லாம் மர நிழல். அதனால் தண்ணீர் சில்லென்று இருக்கும். பார்சாக் அருகே அது அகலமான, வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் கலக்கிறது. செப்டம்பர், அக்டோபர் இரவுகளில் கரோன் மேலுள்ள ஈரக்காற்று இந்தக் குளிர்ச்சியில் பட்டு மூடுபனியாகிறது. விடிந்து வெகுநேரம் வரை அது தோட்டங்களை மூடிக்கொண்டு நிற்கும். எதிர்க்கரையில் சேன்ட் குருவா து மோன் என்ற ஊர், சிப்பிப் புதைபடிவங்கள் நிறைந்த ஒரு பாறை முகட்டில் இருக்கிறது. காலையில் அங்கே ஏறி நின்றால் கீழே ஆற்றுச் சமவெளி முழுக்க வெள்ளையாகத் தெரியும். சிரோன் கரையில் பீச் (beech, பழ மரமல்ல) என்ற காட்டு மரங்கள் 40,000 ஆண்டுகளுக்கும் மேலாக இருந்து வருகின்றன. ஆற்றுக்கு நிழல் தருவது இப்படிப்பட்ட மரங்கள்தான் என்பதால், என்னைக் கேட்டால் ஒயினுக்கான பாராட்டில் பாதியை அவற்றுக்குக் கொடுக்க வேண்டும்.

காலை ஈரத்தில் பூஞ்சையின் வித்துகள் முளைக்கின்றன. மதியம் வெயில் வந்து தோட்டத்தை உலர்த்துகிறது. இந்த இரண்டும் மாறி மாறி நடக்க வேண்டும். ஈரம் மட்டுமே இருந்தால் பூஞ்சை கட்டுமீறி, குலையே சாம்பலாகி வீணாகும். வெயில் மட்டும் அடித்தால் பூஞ்சை பிடிக்காது.

பழத்துக்குள் நடப்பதுதான் சுவாரசியம். பூஞ்சை தன் நொதிகளால், தோலின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினைக் கரைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே மதிய வெயிலில் நீர் ஆவியாகிறது. பொன்னிறப் பழம் ஊதா கலந்த பழுப்பாகி, பிறகு சுருங்கி, மேலே சாம்பல் தூளோடு தொங்கும். பூஞ்சையும் சர்க்கரையைத் தின்னத்தான் செய்கிறது. ஆனால் நீர் அதைவிட வேகமாகக் குறைவதால் சாறு கெட்டியாகிறது. சாதாரண உலர்திராட்சைக்கும் இதற்கும் இங்கேதான் வித்தியாசம். உலர்திராட்சை பெரும்பாலும் நீரை மட்டும் இழக்கிறது. இங்கே பூஞ்சை டார்டாரிக் அமிலத்தைக் குறைத்து, கிளிசராலையும் குளுக்கோனிக் அமிலத்தையும் சேர்க்கிறது. தேன், பாதாமி, ஆரஞ்சுத் தோல் என்று ஒயினில் எழும் வாசனைகளுக்கும் இந்த மாற்றங்கள் ஒரு காரணம்.

ஒரே குலையில் எல்லாப் பழமும் ஒன்றாகப் பக்குவமாகாது. அதனால் சிறு கத்தரிக்கோலோடு ஆட்கள் ஒரே வரிசைக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள். சில ஆண்டுகளில் ஐந்தாறு சுற்றுகூட ஆகும், நவம்பர் வரை இழுக்கும். இங்கே மிகப் புகழ்பெற்ற ஷாத்தோ திக்கெம் தோட்டத்தில் ஒரு கொடிக்கு ஒரு கோப்பை ஒயின்தான் தேறும் என்பார்கள். மற்ற இடங்களில் ஒரு கொடியிலிருந்து ஒரு முழுப் பாட்டில் வருவது சாதாரணம்.

பிழிந்த சாற்றில் லிட்டருக்கு 350 கிராம் வரை சர்க்கரை இருக்கும். ஈஸ்ட்டுக்கு இது விருந்து இல்லை, தண்டனை. மாவடுவில் உப்பைப் போட்டதும் அது நீர் விட்டுச் சுருங்குகிறதே, அதே சவ்வூடு பரவல்தான் ஈஸ்ட் செல்லையும் வாட்டுகிறது. தட்டுத் தடுமாறி நொதிக்கும். ஒரு சதவீத ஆல்கஹாலுக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை தேவை. 13.5 சதவீதம் வந்ததும் ஈஸ்ட் ஓய்ந்துவிட்டால், செலவானது ஏறத்தாழ 230 கிராம். மீதி 120 கிராம் இனிப்பாக ஒயினிலேயே தங்கிவிடுகிறது. இந்த இனிப்பு பழத்தின் சொந்தச் சர்க்கரை. அப்புறமும் தொல்லை தீராது. பூஞ்சை விட்டுச்சென்ற குளூக்கான் என்ற பிசுபிசுப்பான பொருள் ஒயினைத் தெளியவிடாது, லக்கேஸ் நொதி நிறத்தைக் கெடுக்கும். அதைச் சமாளிக்கக் கந்தக டை ஆக்சைடு சேர்க்கிறார்கள்.

இவ்வளவும் வானத்தை நம்பிய பிழைப்பு. அறுவடை நேரத்தில் ஒரு வாரம் விடாமல் மழை பெய்தால் பழம் மறுபடி நீர் குடித்துப் புளித்துப் போகும். 1855-ஆம் ஆண்டுத் தரவரிசையில் போர்தோவின் இனிப்பு ஒயின்களில் தனி உச்சப் படியில் வைக்கப்பட்ட ஒரே தோட்டம் திக்கெம். அப்பேர்ப்பட்ட தோட்டமே 1972, 1974, 1992, 2012 ஆகிய ஆண்டுகளில் தன் பெயரில் இனிப்பு ஒயினை வெளியிடவில்லை. கணக்குப்பிள்ளை ஒருவரிடம் கேட்டால் இந்தத் தொழிலே வேண்டாம் என்பார். திக்கெம் 1959 முதல் இனிப்பு குறைந்த வெள்ளை ஒயின் ஒன்றையும் தயாரிக்கிறது. சோத்தெர்னின் வேறு பல தோட்டங்களும் அப்படி ஒன்றை வைத்திருக்கின்றன. அதற்கான சோவிஞ்ஞோன் என்ற வகைத் திராட்சையைப் பூஞ்சைக்குக் காத்திராமல் முன்கூட்டியே பறித்துவிடலாம்.