குளத்துப் படத்தை லமினேற் பண்ணாதேங்கோ

இந்த வருடமும் ஒன்று என் கைக்கு வந்துவிட்டது. நான்கடி நீளம், மூன்றடி அகலம், பழைய குளத்துப் படம், அதாவது குளத்தையும் அதன் எல்லைகளையும் அளந்து வரைந்த நிலப்படம். ஒன்பது துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே லமினேற் செய்து, ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கட்டியிருந்தது. கடைக்காரரின் இயந்திரம் ஏ3 அளவுக்கு மேல் எடுக்காதாம். அதனால் நீளத்துக்கு மூன்று, அகலத்துக்கு மூன்று என்று வெட்டியிருக்கிறார்கள். மூன்று ஏ3 தாள் அகலப்பாட்டில் அடுக்கினால் 35 அங்குலம்தான் வரும். படமோ 36 அங்குலம். மிஞ்சிய ஓரங்குலத்தைக் கத்தரித்து எறிந்துவிட்டார்கள், வெறும் ஓரம்தானே என்று.

கொண்டுவந்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வன்னியில் ஒரு படம் இன்னும் கையில் இருக்கிறதென்றால், அது இடம்பெயர்வுகளையும் தறப்பாள் கொட்டில்களையும் தாண்டி வந்த படம். அதைக் காப்பாற்றத்தான் நினைக்கிறார்கள். காப்பாற்றும் வழி என்று நம்பிப் போகிற இடம்தான் பிழை. பிரதேச சபை நூலகங்கள், பாடசாலைகள், கமக்கார அமைப்புகள், கோயில் பரிபாலன சபைகள் என்று சுருட்டிய பெரிய படம் எங்கே இருந்தாலும், அங்கே யாரோ ஒருவர் இதைத்தான் சொல்கிறார்: "லமினேற் பண்ணி வைச்சால் நூறு வருசத்துக்கும் இருக்கும்."

இராது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதற்கு மேலும் வாயால் சொல்லி அலுத்துவிட்டது.

லமினேற் தாளின் உட்பக்கம் உருகும் பசை. நூறு பாகைக்கு மேலான சூட்டில் உருளைகளுக்கிடையே அழுத்தும்போது அந்தப் பசை கடதாசியின் நாருக்குள் இறங்கிவிடும். மேலே ஒட்டிய சட்டையில்லை அது, கழற்ற முடியாது. கரைப்பான் போட்டுக் கழற்ற வெளிக்கிட்டால் பசையோடு மையும் முத்திரையும் கரையும். பழைய கடதாசியில் ஏற்கனவே அமிலம் ஊறியிருக்கும். பிளாஸ்டிக்கால் மூடுவதால் அந்த அமிலம் எங்கும் போய்விடாது, உள்ளேயே இருந்து நாரை அரிக்கும். அந்தச் சூடும் தன் பங்குக்குக் கடதாசியை வயதாக்கிவிடும். தண்ணீர் படாது என்பதும் பாதிதான் உண்மை. சில வருடம் போக ஓரம் பிரியும், மூலை வெடிக்கும். அந்த இடுக்கால் மாரி ஈரம் உள்ளே போகும், வெளியே வர வழி தெரியாமல் நிற்கும். பளபளப்பான பிளாஸ்டிக்குக்குள் மண்ணிறப் பொட்டுப் பொட்டாகப் பூஞ்சணம் படர்ந்திருக்கும் படத்தைக் கையில் வைத்திருப்பது வேதனை. தொட்டுத் துடைக்கக்கூட முடியாது.

உலகம் இதைப் பட்டுத்தான் படித்தது. அமெரிக்காவில் வில்லியம் பாரோ என்பவர் 1930களில் செலுலோஸ் அசிற்றேற் தாளைச் சூட்டில் அழுத்தி ஆவணங்களை மூடும் முறையைக் கொண்டுவந்தார். பெரிய பெரிய சுவடிக்கூடங்களெல்லாம் அதை நம்பிச் செய்தன. பிறகு அந்தத் தாளே சிதைந்து வினாகிரி மணம் வீசத் தொடங்கியது. இன்று காசு செலவழித்து அதைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். கடையில் பூசும் பசையைவிட அது கழற்ற இலகுவானது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

"அடையாள அட்டையே லமினேற் செய்துதானே தந்தது?" என்று கேட்பார்கள். அட்டை பழுதானால் திணைக்களம் இன்னொன்று தரும். குளத்துப் படத்துக்கு இன்னொன்று யார் தருவது?

நிலப்படம் என்றால் இன்னுமொரு சிக்கல், அளவு. ஓரங்குலத்துக்கு 4 சங்கிலி (ஒரு சங்கிலி 66 அடி) என்று வரைந்த படத்தில் ஒரு மில்லிமீற்றர், நிலத்தில் 3 மீற்றருக்கு மேல், பத்தடியையும் தாண்டும். சூட்டில் ஈரம் இழந்து கடதாசி சுருங்கும். வெட்டுக்கோட்டில் கத்தி கொஞ்சம் தின்னும். அந்த ஒன்பது துண்டையும் பொருத்தி வைத்துக் குள ஒதுக்கின், அதாவது குளத்துக்கென்று ஒதுக்கிய நிலத்தின், எல்லையை அளந்தால், வரம்புச் சண்டைக்கு வரம்பில்லாமல் போகும்.

லமினேற் ஆசை தீரவில்லையென்றால் பிரதியைச் செய்யுங்கள். மூலப்படத்தை மேலிருந்து கமராவால், பகுதி பகுதியாக, ஒவ்வொரு பகுதியும் அடுத்ததில் மூன்றிலொரு பங்கு மேவி வரும்படி எடுத்து, கணினியில் பொருத்தி, பனர் அடிக்கும் கடையில் அச்செடுத்து, அதை லமினேற் செய்து சுவரில் மாட்டுங்கள், மேசையில் விரியுங்கள், தேத்தண்ணிக் கோப்பையையும் வையுங்கள். எடுக்கும்போது ஓரத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்து எடுக்க மறக்கவேண்டாம். ஒரு கெஞ்சல்: கடதாசியை உள்ளிழுக்கும் ஸ்கானரில் பழைய படத்தைக் கொடுக்காதீர்கள். ஒரு கிழிசல் சிக்கினால் மிச்சத்தை அது முடித்துவிடும்.

இனிச் சுருள். சுருட்டி வைப்பதே குற்றம் என்று சிலர் பயந்து, மடித்துக் கோப்புக்குள் வைக்கிறார்கள். அது இன்னும் மோசம். மடிப்பு விழுந்த கோட்டில் நார் முறிகிறது, நாலு தரம் விரித்து மடித்தால் அந்தக் கோடே கிழிசல். படத்தின் அளவுக்குப் படுக்கை லாச்சி உள்ள அலுமாரி இருந்தால் விரித்து வைப்பதே நல்லது. எங்கள் நூலகங்களில் அதற்கு இடமுமில்லை, காசுமில்லை. ஆகவே சுருட்டுங்கள். ஆனால் மூங்கில் தடிமனில் இறுக்கிச் சுருட்டி, இறப்பர் பட்டி போட்டு, பி.வி.சி. பைப்புக்குள் திணித்து, இரண்டு பக்கமும் மூடி அடிக்கவேண்டாம். இறப்பர் பட்டி இளகி ஒட்டும், பிறகு காய்ந்து கறையோடு உடையும். பி.வி.சி. காலம் போகப்போக அமில ஆவி விடும். இரண்டு பக்கமும் மூடினால் மாரியில் உள்ளே போன ஈரம் கோடையிலும் அங்கேயே நிற்கும். மூடாமல் விட்டால் குளவி மண்கூடு கட்டும். வெளியே இழுக்கும்போது அந்த மண் படத்தை அரம் போல அராவிக்கொண்டு வரும்.

படம் குழாய்க்கு உள்ளே போகக்கூடாது, குழாயின் மேல் சுற்றப்படவேண்டும். இந்த ஒரு வரியை நினைவில் வைத்தாலே பாதிப் படம் தப்பும். குழாய் 4 அங்குல விட்டத்துக்குக் குறையக்கூடாது, 6 என்றால் இன்னும் நல்லது. படத்தைவிட இரு பக்கமும் இரண்டு அங்குலமாவது நீண்டிருக்கவேண்டும். அப்போதுதான் கீழே வைத்தால் அடிபடுவது குழாயின் விளிம்பு, படத்தின் விளிம்பல்ல. பனர் கடையில் எறியும் மட்டைக் குழாய் 3 அங்குலம் சொச்சம்தான் இருக்கும். அதன் மேல் துணி சுற்றித் தடிப்பாக்கலாம். மட்டையில் அமிலம் உண்டு என்பதால் முதலில் சமையலறை அலுமினியத் தாளை ஒரு சுற்று சுற்றி, அதன்மேல் வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றுங்கள். புதுத் துணியை அப்படியே பாவிக்கவேண்டாம், அதில் கஞ்சி இருக்கும், வெள்ளிப்பூச்சிக்கு அது விருந்து. சவர்க்காரம் போடாமல் கொதிநீரில் இரண்டு தரம் அலசிக் காயவைத்த துணி வேண்டும்.

சுற்றுவதற்கு இரண்டு பேர். ஒருவர் குழாயை உருட்ட, மற்றவர் படத்தின் இரு ஓரமும் நேராக வருகிறதா என்று பார்க்கவேண்டும். கோணினால் பின்னால் உருட்டி மறுபடி தொடங்குங்கள், இழுத்து நிமிர்த்தாதீர்கள். கிழிவது அந்த இழுப்பில்தான். ஒரே அளவுப் படங்கள் மூன்று நான்கை, இடையில் மெல்லிய வெள்ளைத் தாள் வைத்து, ஒரே குழாயில் சுற்றலாம். அதற்கு மேல் வேண்டாம். வெளியே துணியால் போர்த்தி, ஓரங்குல அகலப் பருத்தி நாடாவால் மூன்று இடத்தில், விரல் நுழையும் தளர்வில், இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். நூல் கயிறு வேண்டாம், அது வெட்டும்.

பல வருடம் இறுகிக் கிடந்த சுருளை விரிப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. கோடையில், சோளகம் அடிக்கும் நாளில், அதைத் தொடவே வேண்டாம். அப்பளம் போல நொறுங்கும். மாரியில் பைப்பிலிருந்து எடுத்து, காற்றோட்டமான அறையில் மேசை மேல் மூன்று நான்கு நாள் சும்மா விடுங்கள். பெரும்பாலான சுருள் தானாக இளகும். இளகாததற்கு இரண்டு புதுப் பிளாஸ்டிக் குப்பைத்தொட்டி போதும், ஒன்று பெரிது, மூடியுள்ளது. மற்றது அதற்குள் நிற்கக்கூடியது. பெரியதில் இரண்டு அங்குலம் தண்ணீர். சிறியதை உள்ளே வைத்து, அதன் அடி மிதக்காமல் இருக்க ஒரு கழுவிய கல், கல்லின் மேல் துணி, துணியின் மேல் சுருளை நிமிர்த்தி வையுங்கள். மூடியின் உட்பக்கம் ஒரு துவாயைக் கட்டினால் வியர்த்து வடியும் நீர் படத்தில் சொட்டாது. மணிக்கு ஒரு தரம் திறந்து விரலால் தொட்டுப் பாருங்கள். நான்கு மணித்தியாலத்தில் சிலது, எட்டில் சிலது. இரவு முழுக்க விட்டுவிட்டு வீட்டுக்குப் போகவேண்டாம், எங்கள் வெக்கையில் விடிய பூஞ்சணம் பிடித்திருக்கும்.

இளகியதை மையொற்றுத் தாள்களுக்கிடையே விரித்து, மேலே பலகை, பலகை மேல் பரவலாகப் பாரம். அரை மணியில் ஒற்றுத்தாளை மாற்றுங்கள், இரண்டு மணியில் மாற்றுங்கள், மறுநாள் மாற்றுங்கள். ஒரு கிழமை அப்படியே இருக்கட்டும். பாரத்துக்கு அரிசிப் பை வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அரிசிக்கு வண்டு வரும், எலி வரும். ஆற்றுக் கல்லைக் கழுவித் துணியில் தையுங்கள்.

இதையெல்லாம் செய்ய முன் படம் எந்த வகை என்று பார்க்கவேண்டும். நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடு என்றால் புளூபிறின்ற் எனும் நீல அச்சுப் பிரதி. வெளிச்சத்தில் வெளிறும், சுண்ணாம்புச் சத்துச் சேர்த்த தாள் பட்டாலும் நிறம் கெடும். ஆவணங்களுக்கென்று விசேடமாக விற்கும் தாளெல்லாம் இதற்கு நல்லதென்று நினைத்து வாங்கவேண்டாம், அதிலும் சுண்ணாம்பு சேர்த்தது உண்டு. வெள்ளையில் ஊதா அல்லது நீலக் கோடு, ஒரு மாதிரியான மருந்து மணம் என்றால் அமோனியாப் பிரதி. அதை மற்றவற்றோடு ஒரே குழாயில் சுற்றாதீர்கள், பக்கத்துப் படத்தைக் கறையாக்கும். பளபளவென்று ஒரு பக்கம் மினுங்கும் மெல்லிய துணி என்றால் வரைஞர்கள் பாவித்த ட்றேசிங் துணி. அதன் மினுக்கம் கஞ்சி. ஒரு சொட்டு நீர் பட்ட இடம் வெள்ளைப் பொட்டாகிவிடும், குப்பைத்தொட்டி வேலை அதற்கு வேண்டவே வேண்டாம். நிறம் தீட்டிய படம், கைமுத்திரை உள்ள படம் என்றால் மூலையில் ஈரப் பஞ்சுக் குச்சியால் மெல்ல ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் கையை எடுத்துவிடுங்கள். கிழிசலுக்குச் செலோரேப் ஒட்டுகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை.

வைக்கும் இடம்: இரும்பு றாக்கை, படுக்கையாக, ஒன்றின் மேல் ஒன்று இரண்டுக்கு மேல் அடுக்காமல். சுவரிலிருந்து அரையடி தள்ளி, கறையான் ஏறும் வழி கண்ணுக்குத் தெரியவேண்டும். நிலத்திலிருந்து ஓரடியாவது உயரம். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் எவ்வளவு விரைவாக வீட்டுக்குள் வந்தது என்று கண்டவர்கள், இன்றும் சுருள்களை நிலத்தில் மூலையில் சாத்தி வைக்கிறார்கள். பூச்சி உருண்டை வேண்டாம், வேப்பிலையும் வேண்டாம். இலை உக்கினால் அதுவே பூச்சிக்குச் சாப்பாடு. மாதம் ஒருதரம் றாக்கையைத் துடைத்து, ஒவ்வொரு சுருளின் ஓரத்தையும் ரோச் அடித்துப் பாருங்கள். பூச்சி கண்டால் அந்தச் சுருளை இரண்டு பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 பாகைக்கு இறங்கும் டீப் பிறீசரில் ஒரு கிழமை வையுங்கள். வெளியே எடுத்த பிறகும் ஒரு நாள் பையைத் திறக்கவேண்டாம்.

நனைந்துபோனால் விரிக்காதீர்கள், வெயிலில் போடாதீர்கள். ஈரச் சுருளை விரிக்கப் பார்த்தால் கூழாகத்தான் கையில் வரும். அப்படியே பொலித்தீனில் சுற்றி 48 மணித்தியாலத்துக்குள் உறையவைத்தால் பூஞ்சணம் நின்றுவிடும், ஆறுதலாக யோசிக்கலாம். முல்லைத்தீவுக் கரையில் மீன் வாடியில் பிறீசர் இருக்கிறது, சந்திக்குச் சந்தி ஐஸ்கிறீம் கடையிலும் இருக்கிறது. கேட்டால் தருவார்கள். பை மட்டும் இரட்டையாக இருக்கட்டும்.

கடைசியாக, ஒவ்வொரு குழாயிலும் ஒரு மட்டைத் துண்டை நாடாவில் கட்டித் தொங்கவிடுங்கள். படத்தின் பெயர், பட இலக்கம், வருடம், அளவுத்திட்டம், எத்தனை தாள் என்று பென்சிலால் எழுதுங்கள். இதே விபரத்தை ஒரு கொப்பியிலும் எழுதி வேறு கட்டடத்தில் வையுங்கள். வேலை பத்து நிமிடம். அந்த ஒன்பது துண்டுப் படத்துக்கு யாரும் அப்படி எழுதி வைக்கவில்லை. துண்டுகளை இனிப் பிரிக்க முடியாது. பிளாஸ்டிக்கோடு படமெடுத்து, கணினியில் ஒட்டித்தான் பார்க்கவேண்டும். நில அளவைத் திணைக்களத்தில் மூலப்பிரதி இருக்கிறதா என்று தேடலாம், அதற்குப் பட இலக்கம் வேண்டும். இலக்கம் இருந்தது கத்தரித்து எறிந்த அந்த ஓரங்குலத்தில்.