"புகையே காணோம்" என்று சொல்லாதீர்கள்: சென்ட்ரேலியா போகிறவர்களுக்கு

போன வாரம் மறுபடியும் ஒரு போன். நியூ ஜெர்சியில் இருக்கும் தெரிந்த தம்பி ஒருவர், பென்சில்வேனியாவில் நிலத்துக்கு அடியில் நிலக்கரித் தீ எரியும் சென்ட்ரேலியாவுக்குக் குடும்பத்தோடு போய்விட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார்.

"அண்ணா, அங்க ஒண்ணுமே இல்லண்ணா. புகையே காணோம். தீ அணைஞ்சுபோச்சு போல. காட்டுக்குள்ள சும்மா தேடிட்டு வந்துட்டோம்."

பிறகு போகிற போக்கில்: "சின்னவளுக்குத்தான் தலைவலி, ஒரு தடவை வாந்தி எடுத்தா. கார்ல வந்தது ஒத்துக்கலபோல. ஆக்சிமீட்டர் வச்சுப் பார்த்தேன், 98 காட்டுது."

குடைந்து கேட்டதில் மிச்சக் கதை வந்தது. அப்பா புகையைத் தேடி அலைந்த நேரத்தில், குழந்தைகள் இருவரும் தரையில் வெதுவெதுப்பான ஒரு துளையைக் கண்டுபிடித்து, அதன்மேல் குனிந்து உட்கார்ந்து கையைச் சூடேற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். புகை வராததால் யாரும் தடுக்கவில்லை.

நான் சொன்னது இவ்வளவுதான்: "போனை வை. குழந்தையை எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போ. கார்பன் மோனாக்சைடு மூச்சுல போயிருக்கலாம்னு அங்க முதல் வாக்கியத்துலயே சொல்லு." ரத்தப் பரிசோதனை செய்து, ஆக்சிஜன் கொடுத்து, மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். குழந்தை நன்றாக இருக்கிறாள். அதனால்தான் இதை என்னால் கோபமாக எழுத முடிகிறது.

நான் சுரங்கக் காற்றோட்டமும் வாயு அளவீடும் பார்க்கிறவன். ஜார்க்கண்டில் இதேபோல் நிலக்கரித் தீ எரியும் ஜரியாவில் தொடங்கி இப்போது பென்சில்வேனியாவில் இருக்கிறேன். இலையுதிர் காலம் வந்துவிட்டால் போதும், "ஃபால் கலர்ஸ் பார்க்கப் போறோம், அப்படியே அந்தப் பேய் ஊரையும் பார்த்துட்டு வந்துடலாமா?" என்று வாட்ஸ்அப் குழுக்களில் கேள்வி கிளம்பிவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது.

ஊரின் கதை பலருக்கும் தெரியும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கொலம்பியா கவுண்டியில் ஆந்த்ரசைட் நிலக்கரியால் வளர்ந்த ஊர். 1962 மே மாதம், போரில் இறந்த வீரர்களை நினைவுகூரும் மெமோரியல் டேக்கு முன்னால் குப்பைமேட்டைச் சுத்தம் செய்கிறோம் என்று, பழைய திறந்தவெளிச் சுரங்கக் குழியில் கொட்டியிருந்த குப்பைக்குத் தீ வைத்தார்கள் என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அந்தத் தீ குழியிலிருந்து கீழே இறங்கி, பக் மவுண்டன் என்ற நிலக்கரிப் படுகையையும் பழைய சுரங்கப் பாதைகளையும் பிடித்துக்கொண்டது. தோண்டிப் பார்த்தார்கள். கல்பொடியையும் சாம்பலையும் உள்ளே செலுத்தி அடைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் பணம் தீர்ந்தது, தீ தீரவில்லை. 1983இல் ஓர் ஆய்வு, மொத்தமாகத் தோண்டி அணைக்க 66 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்று கணக்குச் சொன்னது. ஊரையே இடம் பெயர்க்க ஒதுக்கியது 4.2 கோடி டாலர். அரசு எதைத் தேர்ந்தெடுத்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. 1980இல் ஏறக்குறைய 1,000 பேர் இருந்த ஊரில் 2020 கணக்கெடுப்பின்போது 5 பேர். 2002இல் ஊரின் ஜிப் கோடையும் (நம் பின்கோடு மாதிரி) எடுத்துவிட்டார்கள். தீ மட்டும் இன்னும் எரிகிறது. 250 ஆண்டுகள்கூட எரியலாம் என்பது அடிக்கடி சொல்லப்படும் மதிப்பீடு.

இப்போது இந்தப் "புகையே காணோம்" விவகாரத்துக்கு வருகிறேன். என்னை மிகவும் எரிச்சலூட்டுவது இதுதான் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆந்த்ரசைட் புகையாத நிலக்கரி. அதில் ஆவியாகிப் போகும் பொருள் மிகக் குறைவு. அடுப்பில் போட்டாலும் சிறிய நீலச் சுடரோடு சத்தமில்லாமல் எரியும். அந்தக் குணத்துக்காகத்தான் ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து நகரங்களில் வீட்டுக்கு வீடு இதை வாங்கி எரித்தார்கள். ஜரியாவில் இரவு நின்றால் வெடிப்புகளுக்குள் சிவப்பாகக் கனல் தெரியும், புகை கண்ணைக் கரிக்கும், நெடி தொண்டையைப் பிடிக்கும். "ஓடு" என்று உடம்பே சொல்லிவிடும். சென்ட்ரேலியாவில் அப்படி எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. மரம், செடி, பறவைச் சத்தம் எல்லாம் இருக்கும். பார்க்கப் பூங்கா மாதிரிதான் இருக்கும்.

அப்படியானால் இணையத்தில் பார்க்கிற படங்களில் வெள்ளையாக எழும்புவது என்ன? பெரும்பாலும் நீராவி. மழைநீரும் மண்ணின் ஈரமும் கீழே சூடாகி மேலே வருகின்றன. வெளிக்காற்று குளிராகவோ ஈரமாகவோ இருந்தால் அது வெள்ளையாகத் திரளும். வெயில் காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாமலே கலைந்துவிடும். டிசம்பரில் வாயைத் திறந்தால் ஆவி பறக்கிறது, ஜூலையில் பறப்பதில்லை. அதற்காக ஜூலையில் நாம் மூச்சுவிடவில்லை என்றா அர்த்தம்? நீங்கள் அங்கே பார்த்தது, அல்லது பார்க்காமல் ஏமாந்தது, அன்றைய வானிலையை. தீயை அல்ல. நீங்கள் படம் பிடிக்கப் போன வெள்ளைப் பொருள் தண்ணீர். ஆளைச் சாய்ப்பது அதோடு சேர்ந்து வரும் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, உங்கள் கேமராவில் விழாது.

புகை காணோம் என்றதும் மனிதர்கள் என்ன செய்கிறார்கள்? திரும்பிப் போவதில்லை. இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று தேடத் தொடங்குகிறார்கள். முன்பாவது கூட்டம் பழைய 61ஆம் எண் நெடுஞ்சாலையில் நின்றுவிடும். வெடித்துக் கிடந்த அந்தச் சாலை முழுக்க வண்ணப் பெயின்டில் கிறுக்கி, படம் எடுத்துக்கொண்டு போவார்கள். 2020 ஏப்ரலில் நிலத்தின் உரிமையாளர்கள் அதை லாரி லாரியாக மண் கொட்டி மூடிவிட்டார்கள். பழைய படங்களைப் பார்த்து வருகிறவர்களுக்கு இப்போது காட்சி எதுவும் கிடைப்பதில்லை. அதனால் புதருக்குள் நுழைகிறார்கள். எந்த இடத்தில் சூடு அதிகம் என்று என்னிடம் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

பனிக்காலத்தில் போகிறவர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். சுற்றிலும் பனி மூடியிருக்க, ஓர் இடத்தில் மட்டும் வட்டமாக வெறும் தரை. ஜனவரியிலும் அதில் பச்சைப் பசேல் என்று பாசி. பக்கத்தில் பட்டை உரிந்து வெளுத்துப்போன மரங்கள். தரையில் கையை வைத்தால் இதமாக இருக்கும். எல்லோரும் அங்கேதான் போய் நிற்கிறார்கள். பனி உருகியிருப்பது அடியில் சூடு இருப்பதால். சூடு இருக்கும் இடத்துக்குக் கீழே நிலக்கரி சாம்பலாகிக் காலியாகிக்கொண்டிருக்கலாம். அந்த மலைக்குள் கூரையைத் தாங்கக் கம்பெனிகள் வெட்டாமல் விட்டுப்போன நிலக்கரித் தூண்களையும் 1930களில் பிழைப்புக்காகத் திருட்டுத்தனமாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். எங்கே எவ்வளவு கூரை எதன்மேல் நிற்கிறது என்று எந்த வரைபடத்தையும் நம்பிச் சொல்ல முடியாது.

1981 பிப்ரவரியில் ஒரு 12 வயதுப் பையன் பாட்டி வீட்டுக் கொல்லையில் நின்றுகொண்டிருந்தபோது காலடி நிலம் திறந்துகொண்டது. துளையின் அகலம் 4 அடி, ஆழம் ஏறக்குறைய 150 அடி. ஒரு மரவேரைப் பிடித்துத் தொங்கியவனை உறவுக்காரப் பையன் இழுத்து வெளியே போட்டதால் பிழைத்தான். அந்தத் துளையிலிருந்து வந்த ஆவியில் உயிரைக் குடிக்கிற அளவுக்குக் கார்பன் மோனாக்சைடு இருந்தது. அதற்கு முந்தைய நாள் அந்தக் கொல்லை வெறும் புல்தரை.

"நான் மூணு தடவை போயிருக்கேன், ஒண்ணும் ஆகலையே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உண்மைதான். திறந்தவெளியில், காற்று வீசும்போது, நடந்துகொண்டே இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. வாயு கலைந்துவிடுகிறது. ஆபத்து எப்போது? காற்றே அசையாத காலை, பள்ளமான இடம், துளைக்கு மேல் குனிந்த முகம். இதோடு எங்கள் தொழிலில் எல்லோரும் அறிந்த ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: காற்றழுத்தம் குறையும்போது, அதாவது மழையோ புயலோ வரப்போகும் நாட்களில், மூடிய பழைய சுரங்கங்கள் உள்ளே இருக்கும் வாயுவை வெளியே விடும். அழுத்தம் ஏறினால் உள்ளே இழுத்துக்கொள்ளும். நேற்று உங்கள் நண்பர் நின்று செல்ஃபி எடுத்த அதே இடம் இன்று வேறு இடம். வருவது கார்பன் மோனாக்சைடு மட்டுமல்ல. கார்பன் டை ஆக்சைடு மிகுந்து ஆக்சிஜன் குறைந்த காற்றும் வரும், அது பள்ளத்தில் தங்கும்.

இனி ஆக்சிமீட்டர். கொரோனா காலத்தில் வாங்கி எல்லோர் வீட்டு இழுப்பறையிலும் ஒன்று கிடக்கிறது. தயவுசெய்து இதற்கு அதை நம்பாதீர்கள். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைக் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். விரலில் மாட்டுகிற சாதாரணக் கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எது பிடித்திருந்தாலும் ஆக்சிஜன்தான் என்று எண்ணி 98, 99 என்று காட்டும். நான் மருத்துவன் அல்ல. ஆனால் சுரங்க மீட்புப் பயிற்சியில் முதல் பாடங்களில் இது ஒன்று. ரத்தத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அதற்கான ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் அதில் பாதி வெளியேறவே 4, 5 மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள். "வீட்டுக்குப் போய்ப் படுத்தா சரியாயிடும்" என்பதற்கும் மருத்துவமனைக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

N95 மாஸ்க்? தூசியைத் தடுக்கும். வாயுவுக்கு அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். வீட்டுச் சுவரில் மாட்டும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கழற்றிக் குழந்தையின் ஸ்ட்ரோலரில் தொங்கவிட்டுக்கொண்டு போன புத்திசாலியையும் பார்த்திருக்கிறேன். அந்த அலாரம் 70 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 70 பங்கு) அளவில் அலற ஒரு மணி நேரத்திலிருந்து நான்கு மணி நேரம்வரை எடுத்துக்கொள்ளும். அப்படித்தான் அதன் தர விதியே இருக்கிறது, வீட்டில் தேவையில்லாமல் கத்தக்கூடாது என்பதற்காக. ஆக்சிஜன் குறைந்தால் அதற்குத் தெரியவே தெரியாது. நாங்கள் இடுப்பில் மாட்டும் நான்கு வாயுக்களை அளக்கும் மீட்டர், ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலே கத்தும். அதையும் ஒவ்வொரு முறையும் சோதனை வாயு காட்டிச் சரிபார்க்காமல் எடுத்துப்போகமாட்டோம். ஆன்லைனில் மலிவாக ஒன்று வாங்கிப் பெட்டியைப் பிரித்த கையோடு போகிறீர்கள் என்றால், பணம் உங்களுடையது.

போகவே வேண்டாம் என்பதுதான் என் பேச்சு. கேட்கமாட்டீர்கள், அதனால் இதையாவது கேளுங்கள். பொதுச் சாலையை விட்டு இறங்காதீர்கள். நடந்தாலோ வண்டி ஓட்டினாலோ படுகாயமோ மரணமோ நேரலாம், நிலம் திடீரென்று இடியும் என்று மாநில அரசு பலகையே வைத்திருக்கிறது. அது அலங்காரத்துக்கு இல்லை. புதருக்குள் நிற்கும் இரும்புக் குழாய் எதற்குள்ளும் எட்டிப் பார்க்காதீர்கள், கை வைக்காதீர்கள். வெதுவெதுப்பான தரையில் குழந்தையை உட்காரவைக்காதீர்கள். நாயை அவிழ்த்துவிடாதீர்கள், அதன் மூக்கு எப்போதும் தரையில்தான் இருக்கும். தனியாகப் போகாதீர்கள். யாராவது துளையில் விழுந்தால் விளிம்புக்கு ஓடாதீர்கள், 911ஐ அழையுங்கள். நம் ஊர்க் கழிவுநீர்த் தொட்டிச் செய்திகளைப் படிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல: மயங்கியவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்தே போவார். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, இதில் எது வந்தாலும் "பசி மயக்கம்" என்று டோனட் வாங்கிக்கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்னொன்று, இது வேண்டுகோள். மிச்சமிருக்கும் சில வீடுகளில் ஆட்கள் வாழ்கிறார்கள். வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டை இடித்தபின் தனியாக நின்ற சுவருக்குச் செங்கல்லில் முட்டுக் கொடுத்து வாழ்ந்தவர்களின் ஊர் அது. வழக்குப் போட்டுப் போராடி, 2013இல்தான் ஆயுள் முழுக்க அங்கேயே இருக்கும் உரிமையை வாங்கினார்கள். அவர்கள் வாசலில் காரை நிறுத்தி "நெருப்பு எங்கே?" என்று கேட்காதீர்கள். மலைமேல் உள்ள நீலக் குவிமாடத்து உக்ரேனியக் கத்தோலிக்கத் தேவாலயத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. கல்லறைகளில் இருப்பவர்களின் உறவினர்கள் இன்றும் பூ வைக்க வருகிறார்கள். டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

சுரங்கம் பார்க்கும் ஆசை என்றால் அடுத்த ஊரான ஆஷ்லாந்துக்குப் போங்கள். அங்கே பயனியர் டன்னல் என்ற பழைய ஆந்த்ரசைட் சுரங்கத்துக்குள் 1,800 அடி தூரம் சிறு வண்டியில் உட்காரவைத்து அழைத்துப்போவார்கள். நிலக்கரிப் படுகையைக் கைக்கெட்டும் தூரத்தில் காட்டி, எப்படி வெட்டினார்கள் என்று வழிகாட்டி விளக்குவார். கூரையைச் சோதிக்க ஆள் உண்டு, காற்றோட்டம் உண்டு. குளிர்காலத்தில் மூடியிருக்கும் என்பதால் கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள். கோடையிலும் உள்ளே 11 டிகிரி செல்சியஸ்தான் இருக்கும். குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.