வயிற்றுவலி என்று அழும் குழந்தையின் கால்களையும் பாருங்கள்

மழைக்காலத்து மும்பையில் குழந்தையின் உடம்பில் சிவப்புப் புள்ளிகள் தென்பட்டால், டெங்குவோ என்று பெற்றோர் பதறுவது இயல்பே. ஆனால் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையவில்லை என்று ரத்தப் பரிசோதனை அறிக்கை வந்ததும், "உடம்புச் சூடுதான், வயிற்றுவலிக்கு ஓமத் தண்ணீர் போதும்" என்று தாராவியிலும் சயானிலும் உள்ள நம் வீடுகளில் முடிவு செய்துவிடுவது எனக்குப் பெருங்கவலை தருகிறது. தட்டணுக்கள் சரியாக இருந்தும் தோலுக்கடியில் ரத்தம் கசிவது, சிறு ரத்தக்குழாய்களில் அழற்சி ஏற்படும் ஐஜிஏ வாஸ்குலைட்டிஸ் நோயின் முக்கிய அடையாளம். ஹெனாக் ஷோன்லைன் பர்புரா என்ற பழைய பெயர் 2012இல் மாற்றப்பட்டாலும், மருத்துவர்களாகிய நாங்கள் மருத்துவச் சீட்டுகளில் அதன் சுருக்கமான எச்எஸ்பி என்றே இன்றும் எழுதுகிறோம்.

பெரும்பாலும் 10 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, சளியோ தொண்டைவலியோ வந்து ஓரிரு வாரங்களில் இது தலைகாட்டுகிறது. தடிப்புகள் கால்களிலும் பிட்டத்திலும்தான் அதிகம். தடவினால் மேடாகத் தட்டுப்படும். கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் நிறம் மறையாது. பள்ளிக் காலுறையின் எலாஸ்டிக் இறுக்கும் இடத்தில் அவை வரிசையாக நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கணுக்கால் வீங்கிக் குழந்தை நொண்டுவதும் உண்டு.

குடற்சுவரின் ரத்தக்குழாய்களும் இவ்வாறே வீங்கிக் கசிவதால், பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு வயிறு வலிக்கிறது. சாப்பிட்டதும் வலி கூடுகிறது, முழங்காலை மடக்கிக்கொண்டு அழுகிறான் என்று தாய்மார் சொல்வதை நான் மிகக் கவனமாகக் கேட்பேன். சிலருக்கு வலி முதலில் வந்து, தடிப்பு பல நாள் கழித்தே தெரிவதால், குடல்வால் அழற்சி என்று கருதி அறுவை சிகிச்சை வரை போய்விடுவதும் உண்டு. அரிதாக, வீங்கிய குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் சொருகிக்கொள்ளும். கைக்குழந்தைகளுக்குச் சிறுகுடல் பெருங்குடலுக்குள் சொருகுவதே வழக்கம். இந்நோயிலோ பெரும்பாலும் சிறுகுடலுக்குள்ளேயே சொருகுவதால், ஆசனவாய் வழியாகக் காற்றோ திரவமோ செலுத்தும் எனிமா மூலம் விடுவிக்கும் முறை அங்கு எட்டாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் இதைக் காட்டிக்கொடுக்கும். பச்சை நிற வாந்தி, ரத்தம் கலந்த அல்லது தார்போல் கருத்த மலம், விட்டுவிட்டு வரும் கடும் வலி ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். பேதி மருந்து கொடுக்கவே கூடாது. குடலில் கசிவும் சிறுநீரகப் பாதிப்பும் ஏற்படக்கூடிய இந்நோயில், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுப்பதும் ஆபத்தானது.

கடுமையான வயிற்றுவலியை ஸ்டீராய்டு தணிக்கும். ஆனால் சிறுநீரகப் பாதிப்பை அது தடுப்பதில்லை. பெரும்பாலான குழந்தைகள் சில வாரங்களில் தேறிவிடுவார்கள் என்பது உண்மைதான். எனினும் சிறுநீரகப் பாதிப்பு வலியின்றிப் பின்னர் தொடங்கக்கூடும் என்பதால், தடிப்பு மறைந்து குழந்தை ஓடியாடினாலும், குறைந்தது 6 மாதங்களுக்குச் சிறுநீரையும் ரத்த அழுத்தத்தையும் மருத்துவர் குறிக்கும் நாட்களில் பரிசோதித்துவர வேண்டும். விடுமுறைக்குத் திருநெல்வேலிக்குப் போனாலும் அங்குள்ள மருத்துவமனையில் அதைச் செய்துகொள்ளலாம்.