கால் நொடியில் நடந்தது, காலையில் வலித்தது

சிக்னலில் ஒரு கார் நிற்கிறது. பின்னால் வந்த கார் அதை இடித்துவிடுகிறது. பெரிய வேகமில்லை, பம்பர் நசுங்கியதோடு சரி. இறங்கி வந்தவர் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கிறார். "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். மறுநாள் காலையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை.

அவர் முந்தின நாள் சொன்னது பொய்யில்லை. அப்போது அவருக்கு நிஜமாகவே வலி தெரியவில்லை. காயம் மட்டும் அப்போதே பட்டுவிட்டது.

பின்னாலிருந்து இடித்தால் தலை பின்பக்கம் வெடுக்கென்று மடங்குகிறது, அதனால் கழுத்து வலிக்கிறது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் முதலில் நகர்வது தலை இல்லை. கார் முன்னால் தள்ளப்பட்டதும் சீட்டின் சாய்மானம் முதுகை முன்னால் தள்ளுகிறது. நான்கரை, ஐந்து கிலோ எடையுள்ள தலையோ இருந்த இடத்திலேயே நிற்கிறது. கீழே உடம்பு நகர்ந்துவிட்டது, மேலே தலை நகரவில்லை, நடுவில் கழுத்தின் ஏழு எலும்புகள். அவற்றில் கீழே உள்ளவை பின்பக்கமாகவும் மேலே உள்ளவை முன்பக்கமாகவும் வளைகின்றன. ஒரு கணம் கழுத்து ஆங்கில 'எஸ்' எழுத்தைப் போல நெளிகிறது. 1990களில் ஆய்வகச் சோதனைகளில் இந்த நெளிவைத் தெளிவாகப் பார்த்தார்கள். இடித்து பத்தில் ஒரு நொடிக்குள் இது வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் தலை மொத்தமாகப் பெரிதாகச் சாய்ந்திருப்பதில்லை. ஆனால் கீழ்க்கழுத்தின் ஒன்றிரண்டு மூட்டுகள் மட்டும் தம் எல்லையைத் தாண்டி வளைந்துவிடுகின்றன.

கழுத்துத் தசைகள் இழுத்துப் பிடிக்காதா? பிடிக்கும், ஆனால் தாமதமாக. இடியை உணர்ந்து தசை வேலையைத் தொடங்கவே கிட்டத்தட்ட அதே பத்தில் ஒரு நொடி ஆகிவிடுகிறது. அது முழு பலத்தோடு இறுகும்போது நெளிவு முடிந்திருக்கும்.

அடிபடுவது எது என்று கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். உச்சியில் உள்ள முதல் இரண்டைத் தவிர, ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் அடுத்ததற்கும் இடையே முன்பக்கம் மெத்தை போல ஒரு டிஸ்க் இருக்கிறது. பின்பக்கம் இடமும் வலமுமாக இரண்டு சின்ன மூட்டுகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய விரல் நகம் அளவுதான். அவற்றைச் சுற்றி மெல்லிய உறை இருக்கிறது, அந்த உறையில் வலியை உணரும் நரம்பு நுனிகள் நிறைய. கழுத்து நெளியும்போது இந்த உறை அளவுக்கு மீறி இழுபடுகிறது. எலும்பு முறியவில்லை, எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது. ஆனாலும் வலி நிஜம். "எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, அப்புறம் ஏன் வலிக்கிறது என்கிறாய்?" என்ற கேள்வியைக் கேட்டு மனம் நொந்தவர்கள் எத்தனையோ பேர். எக்ஸ்ரே காட்டுவது எலும்பைத்தான், இழுபட்ட உறையை அது காட்டாது.

மறுநாள் வரை வலி காத்திருப்பதற்குக் காரணம் இரண்டு. விபத்தின் பதற்றத்தில் ஊறும் அட்ரினலின் வலியை மறைத்துவிடுகிறது. இழுபட்ட திசு வீங்குவதற்கும் சில மணி நேரம் பிடிக்கும். வீக்கம் கூடக் கூட, சுற்றியுள்ள தசைகள் அந்த இடத்தை அசையவிடாமல் இறுகிக்கொள்கின்றன. காலையில் கழுத்து கட்டையாகக் கிடப்பது இதனால்தான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு சீட்டின் தலைச்சாய்மானத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். அது சாய்ந்து தூங்குவதற்கு வைத்தது இல்லை. தலையையும் முதுகோடு சேர்த்து ஒரே நேரத்தில் முன்னால் தள்ளுவதுதான் அதன் வேலை. அதன் மேல்விளிம்பு உச்சந்தலை உயரத்துக்கு வரவேண்டும். தலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி நான்கு விரல் அகலத்துக்குள் இருக்கட்டும். கீழே இறக்கிவிட்டு ஓட்டினால் அதனால் பயனில்லை.

மோதல் முன்னாலிருந்து வந்தால் கதை வேறு. அப்போது பெரும்பாலும் ஆபத்தில் இருப்பது நெஞ்சுப்பகுதி முதுகெலும்பு இடுப்புப்பகுதியோடு சேரும் இடம். மேலே விலா எலும்புகள் கூண்டாகக் கட்டிப் பிடித்திருப்பதால் முதுகு விறைப்பாக இருக்கிறது. கீழே இடுப்பில் நன்றாக வளைகிறது. விறைப்பும் வளைவும் சந்திக்கும் இடத்தில்தான் விசை குவியும். ஒரு குச்சியின் ஒரு பாதியை மேசை மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபாதியை வளைத்தால், மேசை விளிம்பில்தானே முறியும்? அதுபோலத்தான். உடம்பு முன்பக்கம் மடங்கினால் முள்ளெலும்பின் முன்பகுதி ஆப்பு வடிவில் நசுங்கும். நேர் மேலிருந்து கீழாக விசை இறங்கினால் எலும்பு நொறுங்கிச் சிதறி, துண்டுகள் பின்னால் இருக்கும் தண்டுவடத்தின் பக்கம் தள்ளப்படலாம்.

இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பெல்ட்டுகள் இன்னொரு வகை முறிவைக் கொண்டுவந்தன. வயிற்றின் குறுக்கே பெல்ட் பிடித்துக்கொள்ள, மேல் உடம்பு அதன் மேல் மடிந்து, முள்ளெலும்பு பின்பக்கத்திலிருந்து கிடைமட்டமாகப் பிளந்துபோகும். சான்ஸ் என்ற கதிரியக்க மருத்துவர் 1948இல் விவரித்ததால் இதற்கு அவர் பெயரே வந்துவிட்டது. 1959இல் வால்வோவின் பொறியாளர் நீல்ஸ் பொலின் வடிவமைத்த மூன்றுமுனை பெல்ட் தோளையும் சேர்த்துப் பிடித்து இந்த மடிப்பைத் தடுக்கிறது. ஆனால் பெல்ட்டின் தோள்பகுதியை அக்குளுக்குக் கீழே தள்ளிவிட்டு உட்கார்ந்தாலோ, சீட்டை நன்றாகச் சாய்த்துப் படுத்துக்கொண்டு போனாலோ அந்தப் பாதுகாப்பு போய்விடும். பெல்ட்டின் கீழ்ப்பகுதி வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பின் மேல் பதிந்திருக்கவேண்டும். விபத்துக்குப் பிறகு வயிற்றின் குறுக்கே பெல்ட்டின் தடம் கன்றிப்போய்த் தெரிந்தால், குடலில் காயம் இருக்கிறதா என்று பார்க்கும் மருத்துவர் முதுகெலும்பையும் சேர்த்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

எலும்புக்குள் ஓடும் தண்டுவடம் சுண்டுவிரல் தடிமன்தான். பெரியவர்களுக்கு அது இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு அருகே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரைவால் போல நரம்புக் கற்றை இறங்குகிறது. தண்டுவடம் எந்த உயரத்தில் அடிபடுகிறதோ அதற்குக் கீழேயுள்ள செயல்கள் பாதிக்கப்படும். நெஞ்சுப்பகுதியில் பட்டால் கால்கள், கழுத்தில் பட்டால் கைகளும். மூச்சை இயக்கும் உதரவிதானத்துக்கான நரம்பு கழுத்தின் நடுப்பகுதியிலிருந்து கிளம்புகிறது என்பதால் மேல்கழுத்துக் காயம் உயிருக்கே ஆபத்து. அடிபட்டவரை அவசரப்பட்டுக் கையைப் பிடித்து வெளியே இழுக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். முறிந்த எலும்பு இன்னும் தண்டுவடத்தைத் தொடாமல் இருக்கலாம், நாம் இழுக்கும் இழுப்பில் தொட்டுவிடலாம். தீப்பற்றும் நிலை போன்ற ஆபத்து இல்லையென்றால், தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை பேச்சுக்கொடுத்துக்கொண்டிருப்பதே பெரிய உதவி.

கை கால் மரத்துப்போவது, பலம் குறைவது, சிறுநீர் போகவேண்டும் என்றிருந்தும் போக முடியாமல் இருப்பது அல்லது தெரியாமலே போய்விடுவது, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் உணர்ச்சி குறைவது: இவற்றில் ஒன்று வந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. வலி எவ்வளவு இருக்கிறது என்பது இங்கே கணக்கே இல்லை. நரம்பு நசுங்கி, வலி குறைவாகவே இருக்கலாம். வெறும் தசைச் சுளுக்கு துடிக்க வைக்கலாம்.

எம்ஆர்ஐ எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடுமா? 1994இல் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு இடுப்பில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஒரு டிஸ்க்காவது பிதுங்கியிருந்தது. அதனால் விபத்துக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் 'டிஸ்க் பிதுக்கம்' என்று எழுதியிருந்தால் அது அன்றைக்கு வந்ததாகவும் இருக்கலாம், பல வருடங்களாகச் சத்தமில்லாமல் இருந்ததாகவும் இருக்கலாம். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு முதுகே போய்விட்டது என்று முடங்குபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. முறிவும் நரம்புப் பாதிப்பும் இல்லை என்று உறுதியானால், முடிந்தவரை வழக்கம்போல நடமாடுவதுதான் நல்லது. கழுத்துப்பட்டையோடு வாரக்கணக்கில் படுத்தால் தசை இளைக்கும், மூட்டு இறுகும், வலி நீளும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடுகிறது. சிலருக்கு நீடிப்பதும் உண்டு.

மருத்துவரிடம் போகும்போது எங்கே வலிக்கிறது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்தப் பக்கமிருந்து இடித்தது, எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், பெல்ட் எப்படி இருந்தது, அந்த நேரத்தில் முகம் எந்தப் பக்கம் இருந்தது என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். தலை திரும்பியிருக்கும்போது இடி விழுந்தால் அந்தச் சின்ன மூட்டுகளின் உறை இன்னும் அதிகமாக இழுபடும். "பின்னாலிருந்து இடித்தது டாக்டர், அப்போது பக்கத்து சீட்டில் இருந்தவரிடம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தேன்" என்ற ஒரு வாக்கியம் போதும், அவருடைய விரல் கழுத்தில் எங்கே முதலில் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று தெரிந்துகொள்ளும்.